மௌன விரதமா என்று கேட்டார்கள்

மின்சாரக் கம்பெனியில் போனை எடுத்த பெண் என்னை மூன்று முறை ‘புவான்’ என்று அழைத்தாள். மலாயில் அது பெண்களுக்குச் சொல்லும் மரியாதை. மீட்டர் எண்ணைத் தவறாகக் குறித்து பில் அனுப்பியிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அடையாள அட்டை எண், வீட்டு எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் பிழையில்லாமல் ஒப்பித்தேன். விவரமெல்லாம் சரிதான், ஆனால் கணக்கு ஓர் ஆணின் பெயரில் இருக்கிறது, கணவரைப் பேசச் சொல்ல முடியுமா புவான் என்று கேட்டாள். குறை சொல்ல முடியாத பணிவு. நான் போனை வைத்துவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி என்னவாம் என்று கேட்டாள். லைன் அறுந்துவிட்டது என்றேன். ஆனால் போனில் அந்தப் பெண் பேசியது அவளுக்கும் நன்றாகவே கேட்டிருக்கிறது.

“எங்கிட்ட குடுத்திருக்கலாம்லா,” என்றாள். “நான் புருசனாப் பேசியிருப்பேன்.”

அறுபதைத் தாண்டியதிலிருந்து அவள் குரல் கனத்துக்கொண்டே வந்திருக்கிறது. என்னுடையது சில வருடங்களாக மெலிந்துகொண்டு வந்து, அந்த வாரம் ஒரேயடியாகக் கீச்சென்று ஆகியிருந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தவன் நான். ஆபீசில் எழுத்து வேலை. அதற்கு முன்னால், விடிவதற்குள், பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை. நூற்று அறுபத்து நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். மைக் கிடையாது. பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவனுக்கும் கேட்க வேண்டும். கேட்டது. என் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பால் வெட்டுகிற வெட்டுக்காடு வரை போகும் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்வார்கள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். தோட்டம் செம்பனைக்கு மாறி, பிறகு துண்டு துண்டாக விலைபோனபோது, ஆட்கள் ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலைகளிலும் லோரிகளிலும் வேலை தேடிக்கொண்டார்கள். நாங்களும் வந்தோம். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், பெரிய கால்வாயை ஒட்டி, தோட்டத்து அம்மனுக்கு ஒரு தகரக் கூரைக் கோயில் எழுந்தது. அந்தக் கோயிலின் மைக் என்னிடம்தான். அர்ச்சனை டிக்கெட் எண், அன்னதானம் தொடங்கும் நேரம், யாருடைய காரோ வழியை அடைத்து நிற்கும் செய்தி, எல்லாம் என் வாயால்தான் வரும். வேறு எதையும் நான் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதில்லை.

என் மனைவிக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணில் சன்னல் வெளிச்சம் மட்டும் தெரியும். வீட்டில் நான் எங்கே இருக்கிறேன் என்பதை அவள் என் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். காலையில் கோப்பி குடித்ததும் தமிழ்ப் பேப்பரை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அரசியல் எல்லாம் கடைசியில். முதலில் மரண அறிவித்தல் பக்கம். ஒரு நாளைக்கு எட்டுப் படம், பத்துப் படம் இருக்கும். இறந்தவர் பெயரை மட்டும் வாசித்தால் போதாது. முன்பு எந்தத் தோட்டம் என்பதையும் வாசிக்க வேண்டும். அங்கிருந்து அவள் நூல் பிடித்துக்கொண்டே போவாள். ஸ்டோருக்குப் பக்கத்து லயத்து வீடுகளில் இருந்தார்களே அந்தக் குடும்பமா, மூத்தவள் சிலிம் ரிவரில் வாக்கப்பட்டாளே அவளுடைய மாமனாரா என்று ஒரு மணி நேரம் போகும். வெளியே எங்கும் போக முடியாத அவளுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஊர் சுற்றி வருவது. இதைத் தெரிந்துகொண்டே நான் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வருடம் ஆடித் திருவிழாவுக்கு எண்பத்தேழு பால்குடம். கால்வாய்க் கரையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் குடம் தலைக்கு ஏறும். வேறு கோயில்களில் இந்தப் பழக்கத்தை நான் பார்த்ததில்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டுப் பழகிய சனம், அம்மனுக்கும் பெயர் கூப்பிட்டால்தான் தாங்கள் வந்தது அவளுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டது. பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது மாறவில்லை.

பதினெட்டுப் பெயர் முடிந்தபோது ஜெனரேட்டர் நின்றது. மைக் செத்தது. உறுமி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கோயில் பொருளாளர் ஓடி வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், மைக்கை வேறு யாரிடமாவது கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நயமாகச் சொல்லிப் பார்ப்பவர். “அண்ணே, கொஞ்சம் பொறுங்கலா, எண்ணெ ஊத்துனா ஓடிரும்,” என்றார்.

பொறுத்திருந்தால் பத்து நிமிடத்தில் ஓடியிருக்கும். நான் பொறுக்கவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, மீதி அறுபத்தொன்பது பெயரையும் உறுமிக்கு மேலே கத்திக் கூப்பிடத் தொடங்கினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. வயதான ஒருவர், கிராணி கிராணிதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது. அதைக் கேட்டதும் இன்னும் ஒரு கட்டை உயர்த்தினேன். எழுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் தொண்டைக்குள் எதுவோ விட்டுப்போனது. வலி இல்லை. குரல் கிழிந்து அதில் ஒரு பாதி மட்டும் வெளியே வந்தது. அந்தப் பாதியை வைத்தே முடித்தேன். எண்பத்தேழு குடமும் ஏறின.

மறுநாள் காலையில் குரல் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. அதற்கு மேலே கெட்டில் கொதிப்பதைப்போல ஒரு கீச்சு. மிளகும் பனங்கற்கண்டும் கடித்தேன். பாசாரில் சீனர் மருந்துக் கடையில் கறுப்பாக இருக்கும் இருமல் பாகு வாங்கி ஒரு புட்டியைக் காலி செய்தேன். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். வெறும் தொண்டைக்கட்டாக இருந்தால் ஒரு வாரத்தில் விட்டிருக்கும். விடவில்லை. அந்த நேரத்தில்தான் மின்சாரக் கம்பெனிப் பெண் என்னைப் பெண்ணாக்கினாள்.

மறு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் மைக்கைப் பொருளாளர் எடுத்துக்கொள்வார் என்ற பயம். அவர் வழக்கம்போல மைக்கைத் துடைத்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கீச்சை ஸ்பீக்கரில் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொண்டையைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று சொல்வதற்காகக் கையை அசைத்தேன். அப்போது நான் கருவறைக்கு நேராக நின்றிருக்கிறேன். கை அம்மனைப் பார்த்து அசைந்திருக்கிறது.

முன்னால் இருந்த ஓர் அம்மாள், “ஐயா மௌன விரதமா?” என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

ஒரே ஒரு தலையாட்டல். அதைத் திருத்த எனக்கு அந்த இடத்திலேயே போதிய நேரம் இருந்தது. நான் திருத்துவதற்குள் அந்த அம்மாள் தன் பேத்தியை இழுத்து வந்து என் காலைத் தொடச் சொன்னார். பொருளாளர்கூட ஓர் அடி பின்னால் நகர்ந்து கும்பிட்டார். எத்தனை நாள் விரதம் என்று யாரோ கேட்டார்கள். மேலே கையைக் காட்டினேன். அதுவும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. திருவிழாவில் மைக் இல்லாமல் அம்மனுக்காகக் கத்தினாரே, இப்போது குரலையே அவளுக்குக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு வரிசையில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தும் சத்தம்கூட இங்கே கேட்கும். அந்த வீட்டு அம்மாதான் கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுப்பவர். விரதம் இருப்பவன் வீட்டில் பேசுகிறான் என்று தெரிந்தால் முடிந்தது. ஆகவே மனைவியிடமும் பேசவில்லை. அவளுக்குச் செய்தி என் மூலமாக வரவில்லை. பூக்கட்டும் அம்மா வாசலில் நின்று சொல்லித்தான் தெரிந்தது.

“சாமிக்கு நேந்துக்கிட்டீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நேந்திருக்கலாம்ல.”

நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டினேன். அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. பேப்பர் காலையில் கேட்டில் வந்து விழும். எடுத்து வந்து, நான் மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைப்பேன். அவள் கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு முறை, “இன்னைக்கு எத்தனை பேரு?” என்றாள். ஒன்பது முறை தட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். யார் என்று கேட்கவில்லை. தட்டிச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு அடியில், குரல் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். பழைய பெரட்டு வரிசையின் பெயர்களைக் குசுகுசுவென்று கூப்பிடுவேன். இருபது பெயர், முப்பது பெயர். தொண்டையைச் செருமிச் செருமிப் பார்ப்பேன். ஒரு பகலில் எத்தனை முறை செருமுகிறேன் என்று எண்ணியபோது நூறைத் தாண்டியது. மனைவிக்குக் கொடுக்காத குரலைத் தண்ணீர்க் குழாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை நேரம். சோறு வடிக்காமல் கஞ்சி வைத்திருந்தேன். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி மேசை ஓரத்தில் வைத்தேன். வாசலில் பூக்கட்டும் அம்மா வந்து நின்றார். விரதக்காரருக்கு என்று ஒரு முழம் மல்லிகை கொண்டு வந்திருந்தார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் போகாமல் கிரில் கதவுக்கு வெளியே நின்று தன் மகனுடைய வேலைக்காக என்னை வேண்டிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது என் மனைவி அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“எங்க இருக்கீங்க?” என்றாள்.

நான்கு அடி தூரத்தில் இருந்தேன். ஒரு சொல் போதும். ‘நில்’ என்று சொன்னால் போதும். அந்தக் கீச்சுக் குரலிலேயே சொன்னால் போதும். கிரில் கதவுக்கு வெளியே அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். நான் மேசையைத் தட்டினேன்.

அவள் சத்தம் வந்த திசையில் திரும்பினாள். நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் கையை நேராக நீட்டிக்கொண்டு வந்தாள். வலது உள்ளங்கை கஞ்சிச் சட்டியின் மேல் முழுவதுமாகப் பதிந்தது.

அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் அவள் கையைக் குழாய்க்கு அடியில் பிடித்தபோது வாசலில் இருந்த அம்மா பதறிக்கொண்டு உள்ளே வந்தார். அப்போதும் நான் பேசவில்லை. இதை எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் பேசவில்லை. அந்த அம்மா பிறகு கோயிலில், அவ்வளவு நடந்தும் ஐயா விரதத்தை விடவில்லை என்று சொன்னாராம்.

கோப்பெங்கில் இருக்கும் என் மகள் வந்து எங்களை அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். கட்டுப் போட்ட இளம் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். பார்த்தவர்களில் அங்கே இருந்தவன் நான் ஒருவன்தான். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன். அங்கே வரிசையில் காத்திருந்த பதினொரு பேருக்கும் என் குரல் கேட்டிருக்கும். இரண்டு பேர் திரும்பினார்கள். டாக்டர் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, குரல் எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்றார். ஆறு வாரம் என்றேன். புகைப்பதுண்டா? நிறுத்திப் பதினாறு வருடம் ஆகிறது, அதற்கு முன் ஒரு நாளைக்குப் பதினைந்து. அவர் முகம் மாறியது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு இருந்தால் தொண்டைக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அவர் எந்த நோயை நினைக்கிறார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது. யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் நம் தமிழ்ப் பெண். மகள் வயதுகூட இருக்காது. மனைவியைத் தனியாக விட முடியாததால் அவளும் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை இறக்கினார்கள். எனக்கு முன்னால் ஒரு திரை. என் தொண்டையை நானே பார்த்தேன். ஈரமான, சிவந்த குழி. அதற்கு அடியில் வெள்ளையாக இரண்டு பட்டைகள், மேலே சேர்ந்து கீழே அகன்று. ‘ஈ’ என்று சொல்லச் சொன்னார். பட்டைகள் ஒன்றை நோக்கி ஒன்று வந்தன, ஆனால் சேரவில்லை. இரண்டும் உள்பக்கமாக வளைந்து, நடுவில் ஒரு நீள இடைவெளி. வலது பட்டையின் ஓரத்தில் மாதுளை முத்து அளவில் சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு ஆடியது.

“இதுதான் அங்கிள் குரல் நாண்,” என்றார் டாக்டர். “நாணுன்னு சொல்றோம், ஆனா கயிறு இல்ல, மடிப்பு. மேல மெல்லிசா தோலு. அதுக்கு அடியில அகார்-அகார் மாதிரி கொழகொழன்னு ஒரு படலம். அதுக்கும் அடியிலதான் தசை. பேசும்போது அந்த அகார்-அகார்தான் அலை மாதிரி ஆடும். அது நல்லா ஆடுனாத்தான் குரலு.”

ஆண் பேசும்போது அது ஒரு நொடிக்கு நூறு முறைக்கு மேல் ஆடுமாம். விட்டு விட்டு எரியும் ஒரு விளக்கை வைத்து அதை மெதுவாக ஆடுவதுபோலக் காட்டினார். என்னால் எண்ண முடியவில்லை. எண்ண முடியாத ஒன்று என் கழுத்துக்குள்ளேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

கேமராவை வெளியே எடுத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்துக்குப் போனார். அதைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பள்ளி ஆசிரியர்கள் மாதிரி வருடக்கணக்காகக் குரலை இழுத்துப் பேசுகிறவர்களுக்கு இரண்டு மடிப்பிலும் எதிரெதிரே காய்ப்பு விழும், உள்ளங்கையில் காய்ப்பு விழுவதைப்போல. புகைப்பவர்களுக்கு அந்தப் படலத்தில் நீர் கோத்து மடிப்பு பை மாதிரி தொங்கும். பெண்களுக்கு வந்தால் ஆண் குரலாகிவிடும். சிலருக்கு மேல்தோலில் வெள்ளைப் படை விழும். கிளினிக் டாக்டர் பயந்தது அதற்குத்தான், அது எனக்கு இல்லை. எனக்கு இருப்பது இரண்டு. ஒன்று வயது. தசை கரைந்து மடிப்பு மெலிந்து வளைந்துவிட்டது. இடைவெளியில் காற்று ஒழுகுகிறது. அதனால் குரல் மெலிந்து மேலே ஏறுகிறது. கிழவிகளுக்கு இதற்கு எதிர்ப்புறமாகக் கனக்குமாம். இன்னொன்று அந்தச் சிவப்பு முத்து. ஓங்கிக் கத்தும்போது படலத்துக்குள் ஒரு சின்ன ரத்தக் குழாய் உடைந்து, கசிந்த ரத்தம் அங்கேயே நின்று முத்தாகியிருக்கிறது. எப்போது கத்தினேன் என்று கேட்டார். உறுமியைப் பற்றிச் சொன்னேன்.

“அப்புறம் தொண்டைக்கு ரெஸ்ட் குடுத்தீங்களா?”

என் மகள் முந்திக்கொண்டாள். “விரதத்துல இருந்தாரு டாக்டர். ஒரு மாசத்துக்கு மேல பேசவே இல்ல.”

டாக்டர் திரையில் நிறுத்தி வைத்திருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு ஓய்வு கிடைத்திருந்தால் முத்து சுருங்கியிருக்க வேண்டும், இது தேய்ந்து தேய்ந்து வீங்கியல்லவா இருக்கிறது என்றார். குசுகுசுவென்று பேசினீர்களா, செருமினீர்களா என்று என்னைக் கேட்டார். குசுகுசுப்பது ஓய்வு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பலர் அதில்தான் மடிப்பை இன்னும் இறுக்கிவிடுகிறார்கள், செருமும்போது இரண்டையும் அறைந்துவிடுகிறோம் என்றார். குளியலறையும் குழாயும் என் நாக்கு நுனி வரை வந்தன. கேமரா போய்வந்த மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி பேசினாள்.

“அவருக்கு விரதமெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டரு,” என்றாள். “வெக்கம்.”

மகள் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையிலிருந்து தப்பிக்கக் கண்ணை எடுத்தால் எதிரே திரையில் என் தொண்டையே பெரிதாகத் தெரிந்தது.

“தண்ணிக் கொழாயத் தொறந்து விட்டுட்டு உள்ள பேரு கூப்புடுவாரு,” என்றாள் அவள். “எனக்குக் கண்ணுதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. அவரா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்.” பிறகு டாக்டர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “திரும்ப வருமாம்மா? பேப்பர் படிக்கிற அளவுக்கு வந்தாப் போதும்,” என்றாள்.

முத்தை எடுத்துவிடலாம், எடுத்துச் சோதனைக்கும் அனுப்பலாம், மெலிந்ததைப் பழையபடி ஆக்க முடியாது, பயிற்சி செய்தால் பேப்பர் வாசிக்க வரும் என்று டாக்டர் சொன்னார். மைக் பிடிப்பதைப் பற்றி அவள் கேட்கவில்லை. நான்தான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து, சோதனையில் கெட்டது எதுவும் இல்லை என்றும் வந்தது. ஆனால் ஒரு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நிஜமான மௌனம். இந்த முறை யாரும் காலில் விழவில்லை. வீட்டுக்கு வந்த முதல் காலையில் என் மனைவி அறையிலிருந்து வந்து சுவரைப் பிடித்தபடி நின்றாள். எங்கே இருக்கிறேன் என்று கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் கை நீட்டாமல் நின்றாள். தட்டினால் வர மாட்டாள் என்று தெரிந்தது. எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தேன்.

அவ்வளவுதான் தேவைப்பட்டது. எழுந்து வரும்போது தோளைத் தொடுவது, வெளியே போகும்போது இரண்டு முறை தொடுவது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். நாற்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில், வாசலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நான் அவளைத் தொட்டதே இல்லை. எங்களைப் போன்ற கிராணிகள் அப்படி நடக்க மாட்டார்கள். மேசையைத் தட்டுவது கௌரவமாகப் பட்டிருக்கிறது. கிரில் கதவு திறந்துதான் இருந்தது. பூக்கட்டும் அம்மா பார்த்திருக்கலாம். பார்த்தால் பார்க்கட்டும் என்று நினைக்க எனக்கு எழுபத்தாறு வயது ஆகியிருக்கிறது.

பேசலாம் என்று அனுமதி கிடைத்தபின், கோயிலில் போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. ஒரு வெள்ளிக்கிழமை போனேன். மைக்கை வாங்கி, எனக்கு எந்த விரதமும் இல்லை, தொண்டை கெட்டுப்போனதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டிவிட்டேன், என்னால் வீட்டில் ஒருவர் கை வெந்தது என்று சொன்னேன். ஸ்பீக்கரில் அந்த மெல்லிய குரல் வெளியே வந்து தகரக் கூரையில் பட்டுத் திரும்பியதை நானும் கேட்டேன். முடித்ததும் முன்வரிசையில், முதலில் என்னைக் கேட்ட அதே அம்மாள், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா. விரதம் இருந்தத வெளிய சொல்லக் கூடாதாம்லா.” அவர் பேத்தியைத் தேடினார். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

பொருளாளர் மட்டும் என் அருகில் வந்து குனிந்தார். அவருக்குப் புரிந்திருந்தது. ஏளனமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “மைக்க குடுங்கண்ணே,” என்றார் மெதுவாக. “தொண்டைக்கு ஆகாது.” கொடுத்தேன். அவர் அதைத் துடைக்காமலே வாங்கிக்கொண்டு, வழியை அடைத்து நின்ற ஒரு காரின் எண்ணை வாசித்தார். ஓர் எண்ணை விட்டுவிட்டார். நான் திருத்தவில்லை.

வீட்டில் மனைவி காத்திருந்தாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“நம்புனாங்களா?”

“இல்ல.”

அவள் வெகுநேரம் சிரித்தாள். அந்தக் கனத்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும்.

இப்போது காலையில் முதலில் பயிற்சி. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை விட்டு, ‘ஊ’ என்று ஊதிக் குமிழி விட வேண்டும். இரண்டு மடிப்பும் அடித்துக்கொள்ளாமல் மெதுவாகச் சேரப் பழகுமாம். ஐஸ் தண்ணி குடிக்கிற சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்பாள். பிறகு பேப்பர். அரைப் பக்கத்துக்கு மேல் வாசித்தால் காற்று ஒழுகத் தொடங்கிவிடுகிறது; நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறேன். பத்துப் படத்தில் ஆறு வாசிக்க முடிகிறது. மீதி நாலு பேர் மறுநாளுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை என்கிறாள்.

தொண்டையில் அதிர்வு வருகிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும் என்றும் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லியிருந்தார். போன வாரம் இதைச் சொன்னபோது என் மனைவி, நான் பார்க்கிறேன் என்று வலது கையை நீட்டினாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். உள்ளங்கையில் தோல் வழவழப்பாக, கோடுகள் இல்லாமல், ரோஜா நிறத்தில் இறுகியிருக்கிறது. அதை என் கழுத்தில் வைத்தாள். நான் ‘ம்’ என்று இழுத்தேன். முடிந்தவரை இழுத்தேன்.

“இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியல,” என்றாள். அதை எடுத்துவிட்டு இடது கையை வைத்தாள். “ம், இப்ப செய்யிங்க.”